புத்துல உக்காந்த அந்தோணியார்

திண்டிவனத்துல எங்கிட்ட ஒரே ஒரு ஆம்ப்ளிஃபையர்தான் இருந்துச்சி. மயிலம் முருகனுக்கு பங்குனி உத்திரம்னா அதுலதான் பாட்டு. மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துனா அதுலதான் பாட்டு. எங்க மாதா கோயில் தேருக்கும் அதே ஆம்ப்ளிஃபையரு, அதே ரெண்டு குழா ஸ்பீக்கரு. ‘அவருக்குக் கட்டுன மைக்க எனக்குக் கட்டாதே’ன்னு எந்த சாமியும் எங்கிட்ட வந்து சொன்னதில்ல. சொன்னது ஒரே ஒரு ஆளு. உபதேசியார் சவுரிராயன்.

உபதேசியார்னா பங்குச் சாமியாருக்கு அடுத்தபடி நிக்கிறவரு. புள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லிக் குடுக்கிறது, சாவு வீட்டுல முன்னால நின்னு பாடுறது, எவன் பூசைக்கு வர்ல, எவன் வந்து தூங்குனான்னு பாத்து சாமியாருகிட்ட வத்தி வைக்கிறது, இதெல்லாம் அவரு டிபார்ட்மெண்டு. அவரு நெஞ்சை நிமித்திக்கினு நடந்தா மோட்சத்துக்கு சாவி இவரு இடுப்புலதான் தொங்குதோன்னு தோணும். அந்த ஆளு வீட்டுலயா அமலோற்பவம் பொறந்து தொலைக்கணும்? ஊருல வேற வீடே இல்லியா?

எனக்கு அமலோற்பவத்தைக் கட்டிக்கணும். சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். அவ பால்வாடி டீச்சரு. அத்தினி வாண்டுங்க ஒரே நேரத்துல கத்திக்கினு இருக்கும், இவ ஒரு பார்வ பாப்பா, எல்லாம் கப்சிப்புன்னு உக்காந்துக்கும். நானோ சத்தத்தை வித்துப் பொழைக்கிறவன். கொரலே எழுப்பாம காரியம் முடிக்கிற பொம்பளைய அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல. பால்வாடி வழியா சைக்கிள்ல போனா என் காலு தானா பெடல நிறுத்திடும்.

அவளுக்கு என்னைப் புடிக்குமா புடிக்காதான்னு மட்டும் தெரியாது. கோயில் பொண்ணுங்க எல்லாம் என்னை ‘ராயப்பண்ணே’ன்னு கூப்பிடும். அவ மட்டும் ‘மைக் செட்டுக்காரரே’ம்பா. அது மரியாதையா, கிண்டலா, இல்ல கிட்ட வராதேன்றதுக்கு வேற பேரான்னு எனக்கு இன்னா எழவும் புரியாது.

எங்க அத்தை பொன்னி வெத்தலபாக்கு எடுத்துக்கினு போய் பொண்ணு கேட்டுச்சி. உபதேசியாரு தட்டைத் தொடவே இல்லியாம். “உன் அண்ணன் மவன் கோயிலுக்கு மைக் கட்ட வர்றான், பூசைக்கு வர்றானா? மைக்க கட்டிட்டு செவுத்துக்குப் பின்னால போயி பீடி இழுத்துக்கினு இருக்கான். நேத்து மாரியம்மனுக்கு, இன்னிக்கி மாதாவுக்கு. கோயில் காரியத்துல ஒரு நாளாவது ஒழுங்கா நிக்கட்டும். அப்புறம் பாக்கறேன்”னாராம்.

நியாயமாப் பாத்தா அவரு சொன்னதுல பொய்யி ஒண்ணும் இல்ல. பீடி விஷயம் உட்பட.

அப்பதான் எங்க கோயில் பங்குக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு புது ஃபாதர் வந்தாரு. மீசை இப்பதான் முளைச்சா மாதிரி ஒரு சின்ன சாமியாரு. வந்த வேகத்துல, எண்பத்தாறு மே லீவுக்கு எளைஞர்களுக்கு ‘அவுட்டோர் கேம்ப்’ போடப் போறதா பிரசங்கத்துல அறிவிச்சாரு. வெயில்ல வயசுப் பசங்களைக் கூட்டிக்கினு போயி காட்டுல ஓட வுட்டா விசுவாசம் வளருமாம். விசுவாசம் வளருதோ இல்லியோ, வேர்க்குரு நல்லா வளரும்னு நெனைச்சிக்கினேன். “வாலண்டியரா யாரு வர்றீங்க?”ன்னு கேட்டாரு. நான் கைய தூக்குனேன். கோயிலே திரும்பிப் பாத்துச்சி. ஒரு கெழவி சிலுவையே போட்டுக்கிச்சி.

கேம்ப் மண்டகப்பட்டுல. விழுப்புரம் தாண்டி செஞ்சி ரோட்டுல போனா வரும். பாறையக் கொடைஞ்சி பல்லவ ராஜா ஒரு கோயில் கட்டியிருக்காரு. உள்ள சாமி இல்ல. வாசல்ல மட்டும் ரெண்டு பக்கமும் தடிய ஊனிக்கினு ரெண்டு கல்லு வாட்ச்மேனுங்க. உள்ள ஒண்ணும் இல்லாதப்ப இவனுங்க அத்தினி காலமா எதைக் காவல் காக்குறானுங்கன்னு யாருக்கும் தெரியாது. சுத்தி பாறை, பனமரம், மல்லாட்டைக் கொல்லைங்க, அதான் வேர்க்கடலைக் காடு.

ஃபாதர் ஒரு வெளையாட்டு கண்டுபுடிச்சிக்கினு வந்தாரு. புதையல் வேட்டையாம். புதையலை ஒரு எடத்துல ஒளிச்சி வெச்சிட்டு, அங்கங்க துப்பு எழுதிப் போட்டுடுவாங்க. பசங்க குரூப்பு குரூப்பா தேடணும். புதையலு இன்னான்னா, அந்தோணியார் சுரூபம், அதான் சிலை. காணாமப் போன பொருளைக் கண்டுபுடிச்சிக் குடுக்கிற கோடி அற்புதரையே தேடிக் கண்டுபுடிக்கணும், எப்பிடி ஐடியான்னு ஃபாதரு சிரிக்கிறாரு. அவரு சிரிச்சதால நாங்களும் சிரிச்சோம்.

கோயில்ல இருக்கிற அந்தோணியாரு ஆள் ஒசரம். தூக்க நாலு பேர் வேணும். அதனால ஃபாதரு, உபதேசியாரு வீட்டுல இருக்கிற ஒரு சாண் அந்தோணியாரைக் கேட்டாரு. அவரு தாத்தனுக்கு பாண்டிச்சேரியில ஒரு பிரெஞ்சு சாமியாரு குடுத்த மர சுரூபம். உபதேசியாரு வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்களுக்கு இல்லாத கவனிப்பு அதுக்கு. இருந்தாலும் ஃபாதர் கேக்குறப்ப மாட்டேன்னு சொல்ல முடியாம, துண்டுல சுத்தி எடுத்துக்கினு வந்தாரு. போற எடத்துல மரத்துல ஸ்பீக்கரு கட்ட மொத ஆளா எறங்குறவன் நானு. அதனால ஒளிச்சி வைக்கிற வேலையும் எந்தலையிலயே வுழுந்துச்சி.

“தோ பாரு ராயப்பா. இவரு மேல ஒரு கீறல் வுழுந்துச்சின்னா, பொண்ணு கேட்ட பேச்சு அன்னியோட முடிஞ்சிது. பத்திரமா திரும்பி வந்தாருன்னா, உக்காந்து பேசுவோம்”னு சொல்லி என் கையில குடுத்தாரு.

உக்காந்து பேசுவோம்னா, அவரு பாஷையில அது பாதி சம்மதம். அந்தோணியாரு கையில இருந்த கொழந்த ஏசு என்னைப் பாத்து சிரிச்சா மாதிரி இருந்துச்சி. இப்ப நெனைச்சிப் பாத்தா அது நக்கல் சிரிப்பு.

செவ்வாக்கெழம காலையில லாரி போய்ச் சேந்துச்சி. பசங்க எறங்கி கலையறதுக்குள்ள நான் ஜல்தியா ஓடி எடம் பாத்தேன். கொல்லை ஓரத்துல நல்லா நெழலா ஒரு வேப்பமரம். அடியில இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கரையான் புத்து. புத்துக்கு முன்னால மாடம் மாதிரி ஒரு பொந்து, அந்தோணியாருக்கு அளவெடுத்து செஞ்சா மாதிரி. மரத்துல மஞ்சத்துணி கட்டியிருந்துச்சா? கட்டியிருந்துச்சி. புத்து மேல மஞ்சளும் குங்குமமும் இருந்துச்சா? இருந்துச்சி. ரெண்டையும் இந்த ரெண்டு கண்ணாலதான் பாத்தேன். இத்தினி வருஷத்துல எத்தினி அம்மன் கோயிலுக்கு மைக் கட்டியிருப்பேன், செவ்வாக்கெழம பொம்பளைங்க புத்துக்கு பால் ஊத்த வருவாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அன்னிக்கி என் தலைக்குள்ள அமலோற்பவத்தைத் தவிர வேற எதுக்கும் எடம் இல்ல. சாமிய பொந்துல நிக்க வெச்சி, முன்னால ரெண்டு வேப்பங்கொத்த சாத்தி, துப்பு எழுதி அங்கங்க போட்டுட்டு, ஸ்பீக்கரு கட்ட ஓடிட்டேன்.

வேட்டை ஆரம்பிச்சிது. ஃபாதரு என் மைக்கப் புடிச்சிக்கினு கிரிக்கெட்டு வர்ணனை மாதிரி பேசுறாரு. உபதேசியாரு பனமரத்து நெழல்ல சாம்பார் அண்டாவுக்குக் காவல். அமலோற்பவம் பொண்ணுங்க குரூப்புக்குப் பொறுப்பு. நான் ஆம்ப்ளிஃபையரு பக்கத்துல உக்காந்துக்கினு, ஒழுங்கா நிக்கிற வாலண்டியர் எப்பிடி இருப்பான்னு காட்டிக்கினு இருந்தேன். பீடியத் தொடல. சட்டை பட்டனு எல்லாத்தையும் போட்டிருந்தேன்.

மொத குரூப்பு வெறுங்கையோட வந்துச்சி. ரெண்டாவதும் அப்பிடியே. கடைசியா பொண்ணுங்களும் வந்து, “துப்பு எல்லாம் சரியா வருது ஃபாதர். ஆனா அங்க புதையலு இல்ல”ன்னுச்சிங்க.

“அங்க இன்னாதான் இருந்துச்சி?”ன்னாரு ஃபாதரு.

“அந்த ஊரு பொம்பளைங்க பூசை பண்ணிக்கினு இருந்தாங்க. அவங்க சாமி ஒண்ணு இருந்துச்சி. நாங்க தொந்தரவு பண்ணாம வந்துட்டோம்.”

சாம்பார் கரண்டியோட உபதேசியாரு எழுந்து வர்றாரு. “எங்கடா என் அந்தோணியாரு?”

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள என் மனசு வேண்டிக்க ஆரம்பிச்சிடுச்சி. ஆனா யாரை வேண்டுறது? பொருளு தொலைஞ்சா அந்தோணியாரை வேண்டணும். தொலைஞ்சதே அந்தோணியாருன்னா? பாதி வேண்டுதல்லயே நின்னுட்டேன். சூசையப்பரைக் கூப்பிடலாம்னா, அவரு அமைதியான மனுஷன், இந்த மாதிரி பேஜாருக்கெல்லாம் வர மாட்டாரு. மயிலம் முருகனையும் ஒரு வார்த்த கேட்டு வெச்சேன். உனக்கு எத்தினி உத்திரத்துக்கு மைக் கட்டியிருக்கேன், மழையில நனைஞ்சி ஒரு குழாவே போச்சே, நெனப்பிருக்கான்னு கேட்டேன். எந்த சைடுலேர்ந்தும் பதிலு இல்ல. மைக்கு மட்டும் கொய்யின்னு கத்திச்சி.

“எங்க வெச்சீங்க? வாங்க, காட்டுங்க”ன்னா அமலோற்பவம். கொரலு எழுப்பல. நான் பால்வாடி வாண்டு மாதிரி முன்னால நடந்தேன். பின்னால உபதேசியாரு, ஃபாதரு, கேம்ப்பு மொத்தமும்.

போயி பாத்தா, அடேயப்பா! புத்துக்கு முன்னால ஒரு பொம்பள கும்பலு. சூடம் எரியுது. பொந்துலேர்ந்து வெளிய எடுத்து கல்லு மேல நிக்க வெச்சிருந்த சாமிக்கு மேலெல்லாம் மஞ்சள். நெத்தியில ரூவா அகலத்துக்குக் குங்குமம். இடுப்புல செவப்பு ரவிக்கத் துணி, கழுத்துல வேப்பெல மாலை. முன்னால கேப்பைக் கூழு, வெங்காயம், வாழப்பழம். எங்க பசங்க கண்டுபுடிக்காம வந்ததுல தப்பே இல்ல. பெத்த தாயே வந்தாலும் கண்டுபுடிச்சிருக்க முடியாது. கையில இருந்த கொழந்தைய வெச்சித்தான் எனக்கே தெரிஞ்சிது. கொழந்த ஏசுவுக்கும் ஒரு சின்ன பொட்டு வெச்சி, கன்னத்துல திருஷ்டிக்கு மையும் வெச்சிருந்தாங்க.

உபதேசியாரு நெஞ்சைப் புடிச்சிக்கினாரு. “ஐயோ, என் தாத்தன் சாமி!”

கும்பலுக்கு முன்னால இருந்த ஒரு அம்மா திரும்பிப் பாத்துச்சி. வெள்ளையம்மாள்னு பேரு, அந்த மல்லாட்டைக் கொல்லை அவங்களுதுதான். நல்ல கட்டுமஸ்தான ஒடம்பு, மூக்குல ரெண்டு பக்கமும் பேசரி.

“யாரு உன் தாத்தன் சாமி? இது தானா வந்த சாமி, பெரியவரே”ன்னுச்சி. “நெற மாசமா இருந்த என் செவல பசு காணாமப் போயி, தேடாத எடம் இல்ல. வவுறு எரிஞ்சிக்கினு புத்துக்கு பால் ஊத்த வந்தேன். வேப்பங்கொத்த வெலக்குனா, கொழந்தைய தூக்கிக்கினு நிக்கிறாரு சாமி. ‘அப்பா, நீயே கொழந்தைய வெச்சிக்கினு இருக்கே, என் பசுவும் கன்னுமா வந்து சேரணும்’னு அழுதேன். சூடம் அணையல, பாறைக்குப் பின்னாலேர்ந்து அம்மான்னு கத்திக்கினு வருது. கூடவே கன்னுக்குட்டி! தோ பாரு, தோ நிக்கிது.”

நின்னுச்சி. ஒடம்பெல்லாம் இன்னும் ஈரமா, காலு நடுங்கிக்கினு ஒரு கன்னுக்குட்டி. பசு அதை நக்கிக்கினு இருந்துச்சி.

சத்தியமா சொல்றேன், எனக்கு ரோமம் சிலுத்துப் போச்சி. கூடவே கோவமும் வந்துச்சி. நான் சின்ன வயசுலேர்ந்து தொலைச்ச ஸ்பேனரு, ஃபியூஸு, வாட்சு எதையாவது இவரு கண்டுபுடிச்சிக் குடுத்திருப்பாரா? அறிமுகமே இல்லாத அம்மாவுக்கு ஒடனே பசுவும் கன்னுமா!

“அது அந்தோணியாரும்மா! எங்க அந்தோணியாரு! தொலைஞ்சதைக் கண்டுபுடிக்கிறதுதான் அவரு வேலையே!”ன்னு உபதேசியாரு கத்துறாரு. வெள்ளையம்மா விடுமா? “பேரு இன்னாவா வேணா இருக்கட்டும். உங்க சாமின்னா எங்க புத்துல எதுக்கு வந்து உக்காந்தாரு?”ன்னு கேட்டுச்சி. உபதேசியாரு மெதுவா தலையத் திருப்பி என்னைப் பாத்தாரு. கேம்ப்பே என்னைப் பாத்துச்சி. மரத்துல மஞ்சத்துணியும் புத்துல குங்குமமும் பட்டவர்த்தனமா தெரியுது. நான் எந்தப் பக்கம் பாக்குறதுன்னு தெரியாம கன்னுக்குட்டியப் பாத்தேன்.

ஃபாதரு நடுவுல புகுந்தாரு. பிற மதத்தாரோட உரையாடல் எவ்ளோ முக்கியம்னு ஆரம்பிச்சாரு. வெள்ளையம்மா அவரை ஏற எறங்கப் பாத்து, “தம்பி, வெயில்ல நிக்காதே, இந்தா கொஞ்சம் கூழு குடி”ன்னு ஒரு சொம்ப கையில குடுத்துடுச்சி. உரையாடல் அதோட முடிஞ்சிது. ஃபாதரு வெங்காயத்தைக் கடிச்சிக்கினு ஓரமா உக்காந்துட்டாரு.

கடைசியில அந்த அம்மாவே ஒரு வழி சொன்னுச்சி. “எனக்கு சண்டை வேணாம். சாமியையே கேட்டுடுவோம். பூ வெச்சிக் கேப்போம். ரெண்டு தோளு மேலயும் ஈரப்பூ வைக்கிறேன். வலது தோளு பூ மொதல்ல வுழுந்தா ஒங்களோட வர்றாரு. இடது வுழுந்தா இங்கியே இருக்காரு.”

ஊருல எல்லா அம்மன் கோயில்லயும் இதுதான் வழக்கம். பொண்ணு குடுக்கலாமா, கெணறு வெட்டலாமா, எல்லாம் பூ சொல்றதுதான் முடிவு. உபதேசியாரு இதை எதிர்த்து வருஷக்கணக்கா பேசுனவரு. மூடநம்பிக்க, பாவம், சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்னு புள்ளைங்களை மெரட்டுனவரு. ஆனா இப்ப சுத்தி அவங்க ஊரு பொம்பளைங்க. கூழு குடிக்கிற சாமியாரு. வேற வழி? ஃபாதரைப் பாத்தாரு. ஃபாதரு வாயில வெங்காயத்தோட தலைய ஆட்டுனாரு.

வெள்ளையம்மா ரெண்டு அரளிப்பூவ தண்ணியில நனைச்சி, அந்தோணியாரோட ரெண்டு தோளுலயும் ஒட்ட வெச்சிது. எல்லாரும் மூச்சு வுடாம நின்னோம். உபதேசியாரு ஒதடு அசையுது. அவரு ஜெபம் சொல்றாரா, அரளிப்பூவ கெஞ்சுறாரான்னு தெரியல. கொஞ்ச நேரத்துல வலது தோளு பூ பொத்துன்னு வுழுந்துச்சி.

“பாத்தீங்களா!”ன்னு துள்ளிக் குதிச்சாரு பாருங்க மனுஷன்! அத்தினி வயசான ஆளு! “எங்க அந்தோணியாரு பொய் சொல்ல மாட்டாரு! கேட்டா கேட்டதுக்கு பதிலு குடுப்பாரு! கோடி அற்புதருன்னா சும்மாவா!” மஞ்சள் பூசுன சாமிய தூக்கி நெஞ்சோட அணைச்சிக்கினாரு. வெள்ள ஜிப்பாவெல்லாம் மஞ்சளாப் போச்சி.

வெள்ளையம்மா கண்ணைத் தொடைச்சிக்கினு, “வந்த வேல முடிஞ்சிது, கெளம்புறாரு”ன்னுச்சி.

அப்பாடான்னு நான் மூச்சு வுட்டேன். வுட்ட மூச்சு முடியறதுக்குள்ள உபதேசியாரு எம்பக்கம் திரும்பிட்டாரு. “சாமி வந்துட்டாரு. ஆனா உனக்கு பொண்ணும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. பரிசுத்த அந்தோணியாரை பாம்புப் புத்துல கொண்டு போயி வெச்சிருக்கியேடா! கோயில் காரியம்னு ஒரு வேல குடுத்தா அதையும் புத்துக்கே கொண்டு போறியே! அந்த வேப்பெல வாசனை உன் ரத்தத்துல இருக்குடா!”

அத்தினி பேருக்கு முன்னால. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சி. ஏதாவது சொல்லணும், ‘யோவ், நீ இப்ப பூ கேட்டியே, அது இன்னா வாசனை’ன்னு கேக்கணும். ஆனா அமலோற்பவம் அங்க நிக்கிறா. அவ மூஞ்சப் பாக்க தைரியம் இல்லாம தரையப் பாத்தேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சி. இத்தினிக்கும் நான் அழுவுற ஆளே இல்ல.

வெள்ளையம்மாவுக்கு விஷயம் ஒடனே புரிஞ்சி போச்சி. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சொல்லவே வேணாம். “இரு பெரியவரே. பொண்ணு விஷயமா? அதையும் சாமியையே கேட்டுடு. அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு நீதானே குதிச்சே?”

உபதேசியாரு மாட்டிக்கினாரு. பின்னால எங்க கேம்ப்பு பசங்க, “கேளுங்க உபதேசியாரே, கேளுங்க!”ன்னு ஆரம்பிச்சிட்டானுங்க. ஃபாதரு கூழு சொம்ப கீழ வெச்சிட்டு, “அப்பிடி ஒண்ணும் தப்பு இல்லியே”ன்னாரு. மெட்ராஸ் செமினரியில இன்னாதான் சொல்லிக் குடுக்குறாங்களோ.

சாமி மறுபடியும் கல்லு மேல நின்னாரு. புதுசா ரெண்டு பூவ வெச்சிது வெள்ளையம்மா. “இந்தப் புள்ளைக்கு இந்தப் பொண்ணு. சரின்னா வலது, வேணாம்னா இடது.”

ஒண்ணும் வுழல.

இந்த தடவ பூ நல்லா ஒட்டிக்கிச்சி போல. வெயிலு மண்டையப் பொளக்குது. காத்து இல்ல. இருவது முப்பது பேரு ஒரு சாண் சாமியப் பாத்துக்கினு நிக்கிறோம். நான் மனசுக்குள்ள பேசுறேன். அந்தோணியாரே, உன்னை மஞ்சள் பூச வுட்டது நாந்தான், கூழு வாங்கிக் குடுத்ததும் நாந்தான், ஒரு பொம்பளைக்கு பசு கெடச்சதுன்னா நான் உன்னை இங்க வெச்சதாலதானே? எனக்கு அவ வேணும். பசு மாதிரி தொலைஞ்சி போனவ இல்ல, எனக்குக் கெடைக்கவே இல்ல, அதுவும் உன் கணக்குலதான் வரும். ஏதோ ஒரு தடவ என் பக்கம் பாரு.

அந்த நேரம் பாத்து இடது தோளு பூ அசைஞ்சிது.

நெஜமா அசைஞ்சிது. மெதுவா, ஒரு நூலு அளவு, கீழ எறங்குச்சி. உபதேசியாரு மூஞ்சில வெளிச்சம். பூ இன்னும் கொஞ்சம் சரிஞ்சி, அந்தோணியாரோட முழங்கையில தொங்கிக்கினு நிக்கிது. ஒரு ஈ வந்து உக்காந்தாக்கூட வுழுந்துடும்.

“பாவம், எத்தினி நேரமா சாமி வெயில்லயே நிக்கிறாரு”ன்னு ஒரு கொரலு.

அமலோற்பவம். புத்துக்குப் பக்கத்துல இருந்த தண்ணி சொம்ப எடுத்தா. நேரா சாமிகிட்ட போனா. நெதானமா, ஒரு சொட்டு இடது பக்கம் படாம, கொடம் சாச்சி புள்ளைங்களுக்கு தண்ணி ஊத்துற மாதிரி, அந்தோணியாரோட வலது தோளு மேல ஊத்துனா. மஞ்சளும் தண்ணியுமா வழிஞ்சிது. வலது தோளு பூ மொதல்ல மெதந்து கீழ வுழுந்துச்சி. அப்புறம் சொம்ப இருந்த எடத்துலயே வெச்சிட்டு, முந்தானையில கையத் தொடைச்சிக்கினு வந்து அவ எடத்துல நின்னா. அவ மூஞ்சில ஒண்ணும் மாறல.

“ஏய்! நீ இன்னா பண்ணே!”ன்னாரு உபதேசியாரு.

“சாமிக்குத் தண்ணி ஊத்துனேன்பா.”

சாமிக்குத் தண்ணி ஊத்துறதை அந்த ஊருல எவ தப்புன்னு சொல்லுவா? வெள்ளையம்மா அவளை ஒரு பார்வ பாத்துச்சி. அடுத்த நிமிஷம் நாக்கைச் சுழட்டி ஒரு கொலவ போட்டுச்சி பாருங்க, மல்லாட்டைக் கொல்லையில இருந்த காக்கா எல்லாம் பறந்துச்சி. மத்த பொம்பளைங்களும் கொலவ போட, எங்க கேம்ப்பு பொண்ணுங்களுக்கும் அது தொத்திக்கிச்சி. சுத்தி கொலவ சத்தம். என் ரெண்டு குழாவும் சேந்து கத்தியிருந்தாலும் அவ்ளோ சத்தம் வந்திருக்காது.

“ஃபாதர், நீங்களே சொல்லுங்க, இது செல்லுமா?”ன்னு உபதேசியாரு கெஞ்சுறாரு.

“வலது பூ வுழுந்ததை நான் பாத்தேன் உபதேசியாரே. அதுக்கு மேல தேவ ரகசியத்துல நாம தலையிடக் கூடாது”ன்னாரு ஃபாதரு. அன்னியோட அந்த சாமியாரை எனக்குப் புடிச்சிப் போச்சி.

உபதேசியாரு சாமியப் பாத்தாரு. பொண்ணைப் பாத்தாரு. அவ கண்ணை எறக்கல. கடைசியில துண்ட எடுத்து அந்தோணியாரைச் சுத்திக்கினு, “மாரியம்மனுக்கு மைக் கட்டுனாலும் ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்துடணும். பீடி கூடவே கூடாது”ன்னு எனக்குச் சொல்லிட்டு, சாம்பாரு அடி புடிக்குதுன்னு வேகமா நடந்துட்டாரு.

திரும்பி வர்றப்ப லாரியில பசங்க பாட்டு பாடிக்கினு வந்தானுங்க. அவ பின்னால கட்டையப் புடிச்சிக்கினு நின்னுக்கினு இருந்தா. நான் ஸ்பீக்கர் குழாவ மடியில வெச்சிக்கினு பக்கத்துல போய் நின்னேன். விழுப்புரம் தாண்டுச்சி. அப்புறமா கேட்டேன்.

“ஏன் தண்ணி ஊத்துனே?”

அவ என்னைத் திரும்பிப் பாக்கல. ரோட்டப் பாத்துக்கினே சொன்னா.

“அந்தோணியாரு இன்னும் யோசிச்சிக்கினு இருந்தாரு. எனக்கு யோசிக்க ஒண்ணும் இல்ல.”